பேர்தான், புத்திமதி இல்ல

கோடுபெட். இங்கிலீஷில் பிரித்துப் படித்தால் 'கோ டு பெட்', அதாவது 'போய்ப் படு'. சேர்த்துப் படித்தால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

சிரில் கோடுபெட்டுக்கும் எனக்கும் நடுவே நாற்பத்தைந்து வருடமாக ஒரு வேலி மட்டும்தான். ஊர் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவள் நான். எத்தனையோ விதமான பேர்களுக்கு ஸ்டாம்பு குத்தியிருக்கிறேன். இங்கிலாந்தில் ஈலி நகரத்தைச் சுற்றியுள்ள எங்கள் கறுப்பு மண்ணில் கோடுபெட் என்ற பேர் ஒன்றும் அதிசயமில்லை. கல்லறைக் கற்களில் இருக்கிறது. பழைய கடை போர்டில் இருக்கிறது. இங்கே பிறந்தவர்கள் அதைச் சிரிக்காமலே சொல்வோம். வெளியூர்க்காரன் காதில் விழும்போதுதான் வம்பு. நாடு முழுக்கத் தேடினாலும் சில நூறு பேர்தான் தேறுவார்கள் என்பார் சிரில். அதிலும் பாதிப் பேர் இந்த வாய்க்கால் கரைகளைத் தாண்டிப் போகாதவர்கள்.

சிரிலும் போகாதவர்தான். பதினாலு வயதில் பீட்ரூட் வயலில் இறங்கினார். உலக யுத்தம் முடிந்ததும் வாய்க்கால் வாரியத்தில் தூர் வாரும் எந்திரம் ஓட்டப் போனார். ஓய்வு பெறும் வரை அதே வேலை. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். அதனால் அவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நல்ல உயரம், பேச்சு குறைவு, கைக்கு மீறின காரியம் வந்தால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார், ஏதோ பதில் அங்கே எழுதியிருப்பது போல.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் கல்யாணம். பெண்ணின் பேர் ஈடித் ஸ்மித். பதிவு ஆபீஸில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் லண்டன்காரர். மாப்பிள்ளை பேர் என்னவென்று கேட்டார். சிரில் சொன்னார்.

"அவசரப்படாதீங்க தம்பி, முதல்ல கையெழுத்துப் போடுங்க" என்றார் அந்த ஆள்.

கூட வந்தவர்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். சிரில் காது வரை சிவந்து தொப்பிக்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்போது ஈடித், இருபத்திரண்டு வயதுப் பெண், மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "ஒரே வார்த்தைங்க. பேர்தான், புத்திமதி இல்ல."

அவ்வளவுதான், சிரிப்பு அந்த ஆள் பக்கம் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து சிரிலுக்கு அது கவசம். பாங்கில், பல் டாக்டரிடம், ரயில் டிக்கெட் கவுன்ட்டரில், பேர் கேட்ட இடத்திலெல்லாம் எழுத்துக் கூட்டிச் சொல்லிவிட்டு, முகத்தை அசைக்காமல் அதையும் சேர்த்துச் சொல்வார். வாய் தானாகவே சொல்லிவிடும். எதிரே இருப்பவர் சிரிப்பார், இவர் தப்பித்துவிடுவார்.

ஈடித்துக்கு அந்தப் பேர் மேல் பெருமையே உண்டு. "ஐவி, ஸ்கூல்ல எங்க கிளாஸ்ல மூணு ஈடித் ஸ்மித். டீச்சர் நம்பர் போட்டுத்தான் கூப்பிடுவாங்க. நான் மூணாம் நம்பர். இப்பப் பாரு, இந்த உலகத்துல ஒரே ஒரு ஈடித் கோடுபெட்" என்பாள்.

வருடா வருடம் புது டெலிபோன் டைரக்டரி வந்ததும் சிரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பேர்க்காரர்களை எண்ணுவார். யாருக்கும் போன் செய்ய மாட்டார், எண்ணுவதோடு சரி.

"இந்த வருஷம் பதினஞ்சு. போன வருஷம் பதினேழு" என்பார்.

"பொண்ணுங்க கட்டிக்கிட்டுப் போயிருக்கும். அப்படியே என் பொறந்த வீட்டு ஸ்மித்துங்களையும் எண்ணிச் சொல்லேன், பொழுது போகும்" என்பாள் ஈடித். ஸ்மித்துகள் ஒன்பது பக்கம் இருந்தார்கள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, டெரிக். அந்தப் பையன் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஈலி பள்ளிக்கூடத்தில் காலையில் பேர் வாசிக்கும்போது வாத்தியார் 'கோடுபெட்' என்பார். உடனே மொத்த வகுப்பும் "குட் நைட் சார்!" என்று கத்தும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருடம், தினமும். ஒரு தடவை கன்னத்தில் கீறலோடு வந்தான். சிரில் அவனைப் பாதிரியாரிடம் அழைத்துப் போனார். நம் பேரின் கௌரவத்தைக் கேட்டால் பையன் நிமிர்ந்து நடப்பான் என்று நினைத்தார் பாவம்.

பாதிரியார் படித்த மனிதர். எழுநூறு வருடத்துக்கு முந்தைய வரிப் பட்டியலிலேயே இந்தப் பேர் இருக்கிறது என்றார். தூங்குமூஞ்சி எவனுக்கோ ஊர் வைத்த பட்டப்பேராக இருக்கலாம், பெரிய வீட்டில் படுக்கை விரிக்கிற வேலைக்காரனாக இருக்கலாம், படுக்கைக்கே சம்பந்தமில்லாத ஏதோ பழைய சொல் தேய்ந்து இப்படி ஆகியிருக்கலாம், யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார்.

திரும்பி வரும்போது சிரில் பெருமையாகக் கேட்டாராம்: "பாத்தியாடா, எழுநூறு வருஷம்!"

"எழுநூறு வருஷமா ஒருத்தருக்குக்கூட இதை மாத்தணும்னு தோணலியாப்பா?" என்றானாம் பையன்.

அவனுக்குத் தோன்றியது. ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இருபத்துநாலு வயதில் ஒரு வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டு அம்மாவின் பிறந்த வீட்டுப் பேரை எடுத்துக்கொண்டான். டெரிக் ஸ்மித். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், வறுத்த இறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவே அந்தக் காகிதத்தை வைத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சிரில் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரே ஒரு நாள்தான்.

"ஸ்மித்தா? அப்ப ஸ்மித்துங்க வீட்டுக்கே போ. கோடுபெட் வீட்ல உனக்கு என்ன வேலை?"

"போறேன். அங்கயாவது யாரும் குட் நைட் சொல்ல மாட்டாங்க."

போய்விட்டான். எழுபத்துமூன்றில் போனவன் வரவில்லை. சிரில் கூப்பிடவும் இல்லை. இரண்டு ஆண்பிள்ளைகளின் வீம்புக்கு நடுவே அந்தத் தாய் இருபத்தோரு வருடம் தினமும் மூன்று தட்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தாள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இருவர் மேலும் ஆத்திரம் வருகிறது.

தொண்ணூறில் கிறிஸ்மஸுக்கு எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. விலாசம் இல்லை. முத்திரை மட்டும் பீட்டர்பரோ. ஒரு மணி நேர ரயில் தூரம், அவ்வளவுதான். 'ஐவி ஆன்ட்டி, நல்லா இருக்கேன். நம்ம ஊர் வியாழக்கிழமை பேப்பர் இங்க ஸ்டேஷன் கடையில கிடைக்குது. வாராவாரம் வாங்கிப் பாக்கறேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க' என்று எழுதியிருந்தான். நான் அட்டையையே ஈடித்திடம் கொடுத்துவிட்டேன். அவள் அதைக் கணப்படுப்பின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தி வைத்தாள். சிரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதில் ஒருநாளும் தூசி இருந்ததில்லை.

தொண்ணூற்றுநாலு பிப்ரவரியில் ஈடித்துக்கு நெஞ்சில் சளி கட்டியது. பத்து நாளில் ஆளை உருக்கிவிட்டது. கடைசி சனிக்கிழமை மத்தியானம் நானும் சிரிலும் பக்கத்தில் இருந்தோம்.

"பேப்பர்ல போடு சிரில். நம்ம பேரை நல்லா தெளிவாப் போடு. அவன் பாப்பான். வருவான்" என்றாள்.

சிரில் தலையை ஆட்டினார். ஞாயிறு காலை அவள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம் என்று முடிவானது. சவப்பெட்டிக்காரர் பத்திரிகை அறிவிப்பைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதுதான் வழக்கம். சிரில் விடவில்லை. "அவ என்கிட்ட சொன்ன கடைசி வேலை. நானே செய்யறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். நான் அவர் சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். அவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, போன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரிகை ஆபீஸில் ஒரு பெண் எடுத்தாள். மரண அறிவிப்பு என்றார். எழுதி வைத்திருந்ததைப் படித்தார். பேர் வந்ததும் அந்தப் பக்கம் ஏதோ சந்தேகம் கேட்டிருக்க வேண்டும். சிரில் எழுத்துக் கூட்டிச் சொன்னார். அந்தப் பக்கம் மறுபடி ஏதோ கேள்வி.

"ஒரே வார்த்தைங்க. பேர்தான், புத்திமதி இல்ல" என்றார் சிரில்.

முகம் அசையவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்கு உதட்டில் ஒரு சிரிப்புகூட வந்தது, ஈடித்தே அறைக்குள் வந்துவிட்டாள் போல. அந்தச் சிரிப்பை நினைத்து இன்று வரை என்னை நானே மன்னிக்கவில்லை. அப்போதே போனைப் பிடுங்கி, "ஏம்மா, நிஜமாத்தான், இவர் பொண்டாட்டி செத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேநீரில் சர்க்கரை போட்டேன்.

"பாத்துக்கறேன்னு சொல்லிச்சு அந்தப் பொண்ணு" என்று போனை வைத்தார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலிப் பக்கம் வந்து நின்றார். கையில் பத்திரிகை.

"ஐவி, என் கண்ணுக்குத்தான் தெரியலியா பாரு."

பார்த்தேன். மரண அறிவிப்புப் பத்தியில் ஒரு கிப்சன் இருந்தார், ஒரு கிரீன் இருந்தார். நடுவே வர வேண்டிய கோடுபெட் இல்லை. கடைசி வரை தேடினேன். கார், மாடு விற்பனை விளம்பரம் வரைக்கும் தேடினேன். இல்லை.

பத்திரிகை ஆபீஸுக்கு நான்தான் போன் போட்டேன். மேனேஜர் வந்தார், விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். குரல் இறங்கிப் போயிருந்தது. அந்தப் பெண் வெளியூர், சேர்ந்து மூன்று வாரம்தான். ஈடித் போய்ப் படு என்று ஒருவர் மரண அறிவிப்பு கொடுத்தால் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாளாம். அதற்கு முந்தின வாரம் யாரோ பையன்கள் இப்படித்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் சந்தேகமாகவே இருந்திருக்கிறது. புத்திமதி இல்லை என்று அவர் சொன்னதும் சந்தேகம் தீர்ந்துவிட்டதாம். அறிவிப்பை அடித்து நீக்கிவிட்டாளாம். உள்ளூர்ப் பெண் ஒருத்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் மறு பேச்சில்லாமல் எழுதியிருப்பாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேனேஜரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டேன். சிரில் என் முழங்கையைத் தொட்டார்.

"அந்தப் பொண்ணைத் திட்ட வேணாம்னு சொல்லு, ஐவி. நான்தானே சொன்னேன்."

அடுத்த வாரம் மன்னிப்போடு போடுகிறோம் என்றார்கள். அடுத்த வாரம்! அடக்கம் நாளைக்கு.

டெரிக்கைத் தேட வேண்டியதுதான் என்று பீட்டர்பரோ டைரக்டரியைப் பிரித்தேன். அவன் மட்டும் கோடுபெட்டாகவே இருந்திருந்தால் ஒரே பார்வையில் அகப்பட்டிருப்பான். ஸ்மித்தாக இருந்தான். டி. ஸ்மித் மட்டும் இரண்டு பத்தி. மேலிருந்து ஆரம்பித்தேன். ஒரு டி. ஸ்மித், டோரிஸ். ஒரு டி. ஸ்மித் காது கேளாதவர், என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு முட்டி வலியைப் பற்றிச் சொன்னார். ஒருத்தர் நாய் வளர்ப்பவர். பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டேஷன் கடைக்கும் போன் போட்டேன்.

"ஸ்மித்தா? யம்மா, காலையில இருந்து இங்க பேப்பர் வாங்கினதுல பாதிப் பேர் ஸ்மித்துதான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான் அந்த ஆள்.

சிரில் எதிரே உட்கார்ந்து, நான் பென்சிலால் அடிக்கிற ஒவ்வொரு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு என் தொண்டை கட்டிப் போனது.

"அடக்கத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டுடலாம் சிரில். பேப்பர்ல வரட்டும். நான் பாதிரியார்கிட்ட பேசறேன்" என்றேன்.

அவர் தொப்பியை எடுத்தார், உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தள்ளிப் போட்டு, பேப்பர்லயும் வந்து, அப்புறமும் அவன் வரலேன்னா நான் என்ன பண்றது, ஐவி?"

நான் டைரக்டரியை மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஊரே வந்தது. பேப்பரில் போட்டால்தான் வருவோம் என்று சொல்பவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. ஆனால் கோயிலில் முதல் வரிசையில் சிரில் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு வைத்திருந்தார். கதவு பழசு, காற்றுக்கு முனகும். முனகும் போதெல்லாம் திரும்பினார். பாட்டுக்கு நடுவே, ஜெபத்துக்கு நடுவே, பாதிரியார் ஈடித்தின் பேரைச் சொல்லும்போதுகூடத் திரும்பினார். அப்புறம் நான் செய்திருந்த ஹாம் சாண்ட்விச்சை எல்லோரும் சாப்பிட்டார்கள். அவர் ஒன்றை எடுத்து முதல் கடி கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது, தெளிவாக, கிப்சனுக்கும் கிரீனுக்கும் கொடுத்ததைவிடப் பெரிய எழுத்தில். கூடவே இரண்டு வரி மன்னிப்பு. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு சிரில் வீட்டு வாசல் கேட்டருகே ஒரு ஆள் நின்றிருந்தார். நடுவயது, முன்மண்டை வழுக்கை, கையில் மடித்த பத்திரிகை. தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆள் தெரிந்தது. கையில் இருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"டெரிக்!"

"ஐவி ஆன்ட்டி, போன வாரப் பேப்பரும் பாத்தேன்" என்றான். குரல் உடைந்திருந்தது. "இருபத்தோரு வருஷமா வாராவாரம் முதல்ல அந்தப் பத்தியைத்தான் பாப்பேன். நம்ம பேர் இல்லேன்னா அம்மா இருக்காங்கன்னு அர்த்தம். போன வியாழக்கிழமையும் இல்ல. அப்பாடான்னு உக்காந்து டீ குடிச்சேன், ஆன்ட்டி. கேக் வேற தின்னேன்."

நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். வேறென்ன செய்ய முடியும்? சிரில் வாசல்படியில் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திட்டுவார் என்று பயந்தேன், அழுவார் என்றும் பயந்தேன்.

"உள்ள வா. குளுரா இருக்கு" என்றார்.

சமையலறையில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். போனில் சொன்ன அந்த ஒரு வரியைச் சொல்லும்போது மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டார். "உங்க அம்மா சொல்லிக் குடுத்ததுதான்டா. வாய் பழகிப் போச்சு."

டெரிக் கணப்படுப்பின் மேல் இருந்த தன் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தான். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேத்திகள் இரண்டும் ஸ்மித். ஈடித்துக்குத் தெரியாமலே போய்விட்டது.

மறுநாள் கல்லறைக் கல் வெட்டுபவரிடம் மூவருமாகப் போனோம். அவர் எங்கள் பக்கத்துக்குப் புதிது. பென்சிலை நக்கிக்கொண்டு, கல்லில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். சிரில் சொன்னார். அந்த மனிதர் எழுத ஆரம்பித்து, நிறுத்தி, தலையைத் தூக்கினார்.

"இது ஒரே வார்த்தையாங்க, இல்ல மூணா?"

அடுத்து வர வேண்டிய வரி எங்கள் மூவருக்கும் தெரியும். சிரில் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. எதிரே அந்த ஆள் பென்சிலோடு காத்திருந்தார். நான் டெரிக்கைப் பார்த்தேன்.

"ஒரே வார்த்தைதாங்க" என்றான் டெரிக். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை.

கல்காரர் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தையும் டெரிக்தான் சொன்னான், பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் வாயைத் திறந்து சொல்லக் கூசிய எழுத்துகளை. சிரில் மகனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு நப்பாசை வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

"சரிங்க, கல் தயாரானதும் யாருக்குத் தகவல் சொல்லணும்? பையனுக்கா? உங்க பேரு தம்பி?"

டெரிக் அப்பாவைப் பார்த்தான். அவர் தொப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்மித்" என்றான்.

கல்காரர் தலையைத் தூக்காமலே எழுதிக்கொண்டார். அதற்கு எழுத்துக் கேட்கவில்லை.